இரவல் பச்சை

ஒரு சாண் உயரமுள்ள முப்பட்டைப் பச்சைத் தண்டு. அதன் உச்சியில் எலுமிச்சை அளவில், குங்குமத்தைக் குழைத்து உருட்டி வைத்தாற்போல் ஓர் உருண்டை. செடிக்கடைகளில் இதைக் காணும் குழந்தைகள் பூ என்பர். பெரியவர்களில் சிலர் காய் என்பர். பூவும் அன்று, காயும் அன்று. அவ்வுருண்டை தனியொரு செடி. விலாவெலும்பு போன்ற மேடுகளும் முள்ளும் வளர்நுனியும் தனக்கென உடையது. அதைத் தாங்கி நிற்கும் தண்டு வேறொரு செடி. இரண்டும் பிறந்த நிலங்கள் வேறு. வாழும் முறையும் வேறு. இரண்டும் கள்ளிகளே; அவற்றை ஒட்டுக்கள்ளி என ஒன்றாக்கியது ஒரு கத்தியின் கூர். வாங்குபவர் சிவப்புக்காக வாங்குகிறார். சிவப்பையே பார்த்துப் பார்த்து நீரும் ஊற்றுகிறார். செடி பிழைப்பதோ கீழே நிற்கும் பச்சையால். அந்தப் பச்சையின் பக்கம் நின்றே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

கள்ளி என்றதும் பாலைத் திணையை நினைப்பது நமக்கு இயல்பு. ஆனால் சங்கப் பாடல்களில் வரும் கள்ளி, கிள்ளினால் வெண்பால் வடிப்பது; ஆமணக்கின் குடும்பத்தைச் சேர்ந்தது. ஒட்டுக்கள்ளியை அறுத்தால் தெளிந்த பசைநீரே கசியும். இதன் குலம் அமெரிக்கக் கண்டங்களுக்கு உரியது. நம் வேலியோரச் சப்பாத்திக்கள்ளியும் கடல் கடந்து வந்ததே. மரக்கிளைகளிலிருந்து கொத்துக்கொத்தாய்த் தொங்கும் ஓரினம் மட்டும் ஆப்பிரிக்காவிலும் இலங்கைக் காடுகளிலும் இயல்பாகவே வளர்கிறது. நம் தொட்டியில் உள்ள மேற்செடியும் அடிச்செடியும் ஒரே குலத்தவை. அதனாலேயே ஒன்றன் சதையை மற்றொன்று ஏற்றுக்கொள்கிறது. மாவின் மேல் மா ஒட்டுவதுபோல.

மேற்செடியின் தாயகம் பராகுவே நாடும் அதையொட்டிய வட அர்ஜென்டீனப் பகுதியும். செக் நாட்டவரான ஆல்பெர்ட்டோ ஃபிரிச் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்நிலங்களில் அலைந்து கள்ளிகளைத் திரட்டினார். அவற்றுள் ஒன்று ஜிம்னோகலீசியம் மிஹானோவிச்சி என்று பெயர் பெற்றது. முதற்சொல் கிரேக்க வேரினது. மொட்டின் வெளிப்புறம் முள்ளும் மயிருமின்றி வெறுமையாய் இருப்பதைக் குறிக்கும். அடுத்த சொல், கப்பல் வணிகர் நிக்கோலாஸ் மிஹானோவிச்சின் நினைவைத் தாங்குவது. இச்செடி வெட்டவெளியில் நிற்பதன்று. முட்புதர்களின் அடியில், கிளைகள் சலித்து அனுப்பும் வெயிலில், சாம்பற்பச்சையும் செம்பழுப்பும் கலந்த மேனியோடு தரையை ஒட்டி வாழ்வது. கள்ளி என்றாலே கடுவெயில் வேண்டும் என்று கருதி மொட்டைமாடியின் நடுவில் கொண்டுபோய் வைப்பவர்கள் முதலில் அறிய வேண்டியது இதுவே.

1941ஆம் ஆண்டில் ஜப்பானியச் செடி வளர்ப்பாளர் எய்ஜி வதனாபே இவ்வினத்தின் விதைகளை விதைத்தார். ஏறத்தாழ 10,000 நாற்றுகளுக்கு நடுவே இரண்டு மட்டும் சிவந்திருப்பதைக் கண்டார். அவற்றிற் பச்சையம் இல்லை. விதைக்குள் தாய்ச்செடி கட்டிக்கொடுத்த சோறு தீரும்வரை அத்தகைய நாற்று உயிரோடிருக்கும். பிறகு பட்டினியால் மடியும். நெல் நாற்றங்காலிலும் எப்போதேனும் வெளிறிய நாற்றொன்று முளைத்துச் சில நாளில் மறைவதை உழவர் அறிவர். வதனாபே அந்த நாற்றுகளை மடியவிடாமல் வேறொரு பச்சைக் கள்ளியின் மேல் ஒட்டினார். அவை பிழைத்தன, பக்கக் குருத்துகள் ஈன்றன, குருத்துகளும் சிவந்திருந்தன. ஜப்பானியர் அதற்கு ஹிபோத்தான் என்று பெயரிட்டனர்; செந்நிறப் பியோனி மலர் என்பது பொருள். உலகக் கடைகளில் இன்று காணும் சிவப்பு உருண்டைகள் அந்தத் தேர்வின் வழிவந்தவை. பிற்காலத்தில் இத்தொழில் தென்கொரியாவில் வேரூன்றியது. அங்குக் கோயாங் நகரில் கள்ளிக்கெனவே ஓர் ஆராய்ச்சி நிலையம் உள்ளது. மஞ்சள், இளஞ்சிவப்பு, செம்மஞ்சள் எனப் புதுப்புது வகைகளைக் கொரியர் உருவாக்கிக் கடல்கடந்து அனுப்புகின்றனர்.

பச்சை போனதால் சிவப்பு புதிதாக வந்துவிடவில்லை. மாங்காய் பழுக்கையில் பச்சையம் சிதைய, அதன் மறைவிலிருந்த மஞ்சள் மேலெழுகிறதே, அதைப் போன்றது இது. பராகுவேயின் முட்புதரடியில் வாழும் இயல்பான செடியின் மேனியிலும் செம்பழுப்பு உண்டு என்றேன் அல்லவா? வெயில் மிகும்போது பச்சையத்திற்குக் குடைபிடிக்கும் நிறம் அது. குடைக்குக் கீழிருந்தவர் எழுந்து போய்விட்டார். குடை மட்டும் விரிந்தபடி நிற்கிறது.

இந்நிறப்பொருள்களுக்குப் பீட்டாலெயின்கள் என்று பெயர். பீட்ரூட்டிலிருந்து வந்த பெயர் அது. இவற்றுட் செந்நீலச் சாயலன ஒரு வகை, மஞ்சட் சாயலன மற்றொரு வகை. செடியுலகிற் பெரும்பாலான சிவப்பும் ஊதாவும் ஆந்தோசயனின் என்னும் வேறொரு பொருளால் ஆனவை. செம்பருத்தி, கத்தரிக்காய்த் தோல், நாவற்பழம், சங்குப்பூ எல்லாம் அவ்வழிப்பட்டவை. பீட்டாலெயின் உள்ள செடியில் ஆந்தோசயனின் இருப்பதில்லை. அதுவுள்ள செடியில் இது இருப்பதில்லை. இரண்டும் ஓருடலில் ஒன்றாய்க் குடியிருந்ததை இயற்கையில் இதுவரை யாரும் கண்டதில்லை. பீட்டாலெயின் குலத்தைக் காண நாம் பராகுவே செல்ல வேண்டியதில்லை. செந்தண்டுக்கீரை, காகிதப்பூ, கோழிக்கொண்டை, வாடாமல்லி, அந்திமந்தாரை, கொடிப்பசலையின் கருஞ்சிவப்புக் கனி என நம் வாசலிலேயே அக்குலம் நிறைந்திருக்கிறது. வீட்டில் ஒரு சோதனையும் செய்து பார்க்கலாம். சங்குப்பூ ஊறிய நீலநீரில் எலுமிச்சை பிழிந்தால் உடனே ஊதாவாகும். பீட்ரூட் சாற்றில் அதே எலுமிச்சையைப் பிழிந்தால் நிறம் மாறாது. ஒட்டுக்கள்ளியின் சிவப்பு அந்த இரண்டாம் கிண்ணத்தைச் சேர்ந்தது.

நிறம் இவ்வளவு, உணவு இல்லை. வேலிகளின் மேல் மஞ்சள் நூலாய்ப் படரும் அம்மையார் கூந்தல், அடுத்த செடியின் தண்டுக்குள் உறிஞ்சுவேர் செலுத்தி உண்ணும். புல்லுருவியும் மாமரத்தைத் துளைத்தே நீர் குடிக்கும். அவை அதற்கென்றே படைக்கலம் கொண்டு பிறந்தவை. சிவப்புக் கள்ளிக்கு அத்தகைய உறுப்பு எதுவுமில்லை. தோட்டக்காரர் வெட்டுவாய்களைப் பொருத்திக் கொடுத்த வழியாக அடிச்செடியின் சருக்கரைநீர் அதற்குள் ஏறுகிறது. ஒவ்வொரு வாய் உணவும் இரவல்.

இனி, இரவல் கொடுப்பவரைப் பார்ப்போம். சந்தைக்கு வரும் ஒட்டுக்கள்ளிகளிற் பெரும்பாலானவற்றின் அடிச்செடி, டிராகன் பழம் தரும் கொடிக்கள்ளியே. நெடுங்காலம் ஹைலோசீரியஸ் என வழங்கிய அதை 2017இல் வகைப்பாட்டாளர்கள் செலினிசீரியஸ் என்னும் பேரினத்துள் சேர்த்தனர். செலினி என்பது கிரேக்கரின் நிலவுத் தெய்வம். இரவில் மலரும் பெரிய வெண்பூக்களை உடைய பேரினத்திற்குப் பொருத்தமான பெயர். இப்போது தமிழ்நாட்டிலும் தோட்டங்களிற் கற்றூண்களின் மேல் ஏறி வளரும் அதே கொடிதான் நம் தொட்டியில் ஒரு சாண் துண்டாகக் குறுகி நிற்கிறது. நடு அமெரிக்கப் பகுதியின் வெம்மையான காடுகளில் மரம்பற்றி ஏறுவது அதன் பிறவிக்குணம். விரைந்து வேர்விடும், விரைந்து வளரும், ஒட்டை எளிதில் ஏற்கும். ஆகவே நாற்றுப்பண்ணைகள் அதை விரும்புகின்றன. குளிரை அது பொறுக்காது. 10 பாகைக்குக் கீழே வெப்பம் இறங்கினால் நலியும். சென்னையிலோ மதுரையிலோ அந்த அச்சம் வேண்டாம். உதகையிலும் கொடைக்கானலிலும் மார்கழி இரவுகளில் வீட்டினுள் எடுத்து வைக்க வேண்டும்.

இக்கொடி மூச்சு வாங்கும் முறை வியப்பானது. பிற செடிகள் பகலில் துளைகளைத் திறந்து கரியமிலவளியை வாங்கும். அப்போது உடல்நீரும் ஆவியாகி வெளியேறும். கள்ளிகள் இரவில் திறந்து, வாங்கிய வளியை மாலிக் அமிலமாக மாற்றி உயிரணுக்களுக்குள் சேமித்துக்கொள்ளும். விடிந்ததும் வாயில்களை அடைத்துவிட்டு, சேமித்த அமிலத்திலிருந்து வளியைப் பிரித்தெடுத்துக் கதிரொளியில் உணவு சமைக்கும். இம்முறையின் முதற்குறிப்புகளுள் ஒன்று நம் மண்ணோடு தொடர்புடையது என்பதை எண்ணி நான் மகிழ்வதுண்டு. தரங்கம்பாடிக்குச் சமயப்பணியாளராக வந்து, பின்னர்க் கிழக்கிந்தியக் கும்பினியின் செடியியலாளராகச் சென்னை மாகாணத்தில் உழைத்தவர் பெஞ்சமின் ஹெய்ன். ஒரு செடியின் இலையை விடியலில் மென்றபோது புளித்தது, நண்பகலிற் சுவையற்றிருந்தது, மாலையிற் சற்றே கசந்தது. இதை அவர் இலண்டனுக்கு மடலாக எழுத, 1815இல் அது லின்னேயக் கழகத்தின் வெளியீட்டில் வந்தது. அவர் மென்றது ரணகள்ளியின் இலை; கட்டிப்போட்டாற் குட்டிபோடும் என்று நம் சிறுவர் நூலிற் கட்டித் தொங்கவிடும் அதே இலை. அச்செடியின் குடும்பப் பெயராலேயே இந்த இரவுமூச்சை இன்றும் அறிவியலார் குறிக்கின்றனர். நாவையே கருவியாகக் கொண்டு, ஒரே இலையை மூன்று வேளையும் சுவைத்துப் பார்க்கத் தோன்றிய அந்தப் பொறுமை என்னை ஒவ்வொரு முறையும் நெகிழ்விக்கிறது.

இரவுமூச்சு நன்கு நடக்க இரவு குளிர வேண்டும். சித்திரை வைகாசியில் நள்ளிரவிலும் சுவர் சுடும் நகரங்களில் இச்செடிகள் சோர்ந்து நிற்பதற்கு இது ஒரு காரணம். அந்நாள்களில் அவற்றைக் கற்சுவரை ஒட்டி வைக்காமல், காற்றோடும் இடத்திற்கு நகர்த்த வேண்டும். நீரை மிகுத்து ஊற்றி இக்குறையைச் சரிசெய்ய முடியாது.

ஒளியைப் பற்றிய இடர்ப்பாடு இனிமேல்தான் வருகிறது. மேற்செடிக்குக் கடுவெயில் ஆகாது. அடிச்செடிக்கோ ஒளியில்லாமல் ஆகாது. மேசைமேல் அழகாயிருக்கிறதென்று கூடத்தின் மூலையில் வைத்தால், சில திங்கள் வரை மேலே எந்த மாற்றமும் தெரியாது. சிவப்பு சிவப்பாகவே இருக்கும். கீழே பச்சை தன் சேமிப்பைச் செலவிட்டு மெலிந்துகொண்டிருக்கும். திடீரென்று ஒருநாள் செடி சாய்ந்தது என்பார்கள்; அது நூறு நாளாகச் சாய்ந்துகொண்டிருந்தது. மறுபுறம், உச்சிவெயிலில் வைத்தால் உருண்டையின் தோலில் வெண்மையான திட்டுகள் தோன்றி மரத்துப்போகும், அவ்வடு மாறாது. இரண்டுக்கும் பொதுவான இடம் கிழக்கு நோக்கிய சாளரம். காலை வெயில் ஒன்பது, பத்து மணி வரை நேரே விழலாம். அதன்பின் வெளிச்சம் மட்டும் போதும். மாடித்தோட்டமாயின் 50 விழுக்காட்டு நிழல்வலையின் கீழ் வைக்கலாம். வாரம் ஒருமுறை தொட்டியைக் காற்சுற்றுத் திருப்பி வைத்தால் தண்டின் மூன்று பட்டைகளுக்கும் ஒளி கிடைக்கும்.

இதில் பலரும் காணாத ஒன்று உண்டு. மேற்செடி பருத்துச் சுற்றிலும் குருத்துகளைத் தள்ளத் தொடங்கினால், அதன் நிழல் தன்னைத் தாங்கும் தண்டின் மேலேயே விழும். உண்பவர் பெருக, சமைப்பவரின் அடுப்பு அணைகிறது. நெருக்கமான குருத்துகளைத் திருகி எடுத்துவிடுவதே நல்லது. அழகு குறைகிறதே என்று வருந்துவோரிடம், தண்டின் பருமனை ஒருமுறை தொட்டுப் பாருங்கள் என்பேன்.

நீர் பாய்ச்சுவதற்கு நாள்கணக்கு சொல்வது எனக்கு உடன்பாடன்று. கோவையின் காற்றும் சென்னையின் புழுக்கமும் ஒன்றல்ல. மண்தொட்டியும் நெகிழித்தொட்டியும் ஒன்றல்ல. மூங்கிற்குச்சி ஒன்றை மண்ணின் அடிவரை செருகி எடுங்கள். ஈரமண் ஒட்டி வந்தால் காத்திருங்கள். குச்சி உலர்ந்து வந்தால், அடித்துளையில் நீர் வழியும்வரை ஊற்றி, தட்டில் தேங்கியதைக் கொட்டிவிடுங்கள். சொட்டுச் சொட்டாய் நாளும் தெளிப்பதைவிட, முழுதும் நனைத்து முழுதும் உலரவிடுவதே இதற்கு உகந்தது. பாலைக்கள்ளிகளைப்போல் திங்கட்கணக்கிற் காயப்போடவும் கூடாது. அடிச்செடி காட்டுக்கொடி என்பதை மறந்துவிடலாகாது. தண்டின் பட்டைகள் ஒடுங்கிச் சுருங்கினால் அது தாகம். மண் ஈரமாயிருந்தும் சுருங்கினால் வேர் அழுகிவிட்டது என்று கொள்க. அப்போது நீர் ஊற்றுவது கேட்டை விரைவாக்கும்.

உருண்டையின் மேல் நீர் ஊற்றவே கூடாது. நான் முதலில் வளர்த்த செடியை அப்படித்தான் இழந்தேன். ஐப்பசி மழையில் மூன்று நாள் வெளியே நின்றது. நிறம் கழுவி விட்டாற்போல் பளிச்சென்றிருந்ததைக் கண்டு மகிழ்ந்து அங்கேயே விட்டுவைத்தேன். ஒட்டுவாயின் ஓரத்தில் மிளகளவு கறுப்பு ஒன்று தோன்றியது. மண் தெறித்திருக்கும் என்று எண்ணினேன். நான்காம் நாள் விரலால் தொட்டபோது உருண்டை தானே கழன்று கையில் வந்தது, உட்சதை கூழாகியிருந்தது. வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன் கூரையடிக்கு மாற்றுவதை அன்றிலிருந்து நான் தவறவிட்டதில்லை.

மண்கலவை நீரைத் தேக்கக் கூடாது. அவ்வளவே அதன் இலக்கணம். பருமணல், செங்கற்சிறுகல், மட்கிய தொழுவுரம் ஆகியவற்றுள் முதலிரண்டும் பாதிக்கு மேல் இருக்கட்டும். நாற்றுப்பண்ணைச் செடிகள் தென்னை நார்த்தூளில் மட்டும் நடப்பட்டு வந்தால், சில வாரங்களில் அதை உதிர்த்து மாற்றிவிடுங்கள். அத்தூள் உலர்ந்தால் நீரை ஏற்காது, நனைந்தால் எளிதில் விடாது.

மாவுப்பூச்சி இச்செடியின் தீராத பகை. விலாமேடுகளின் இடுக்கிலும் ஒட்டுவாயின் மடிப்பிலும் பஞ்சுபோல் ஒட்டியிருக்கும். பஞ்சு சுற்றிய குச்சியை ஸ்பிரிட்டில் தோய்த்துத் துடைத்தெடுக்கலாம். மறுவாரமும் அதற்கடுத்த வாரமும் பார்க்க வேண்டும், முட்டைகள் எஞ்சியிருக்கும். எண்ணெய்க் கரைசல்களை மேற்செடியில் பூசி வெயிலில் வைத்தால் தோல் பொரிந்துவிடும் என்பதால் நான் அவற்றைத் தவிர்க்கிறேன்.

அடித்தண்டின் தரையை ஒட்டிய பகுதி காலப்போக்கிற் பழுப்பாகும். நகத்தால் அழுத்திப் பாருங்கள். கெட்டியாயிருந்தால் அது முதுமையில் வரும் மரப்பட்டை, கவலை வேண்டாம். அமுங்கினால் அழுகல். அதே தண்டின் முள்மெத்தைகளிலிருந்து சில வேளை பச்சைத் துளிர் கிளம்பும். அடிச்செடி தன் இயல்பான வாழ்வை நாடி விடும் துளிர் அது. விட்டுவைத்தால் உணவெல்லாம் அதற்கே போகும், சிவப்பு வாடும். விரல்நீளம் வந்ததும் அடியோடு அறுத்தெடுக்க வேண்டும். எறிந்துவிட வேண்டாம். வெட்டுவாயை ஒருவாரம் நிழலில் உலர்த்தி மணலில் ஊன்றுங்கள், வேர்விடும். அதற்கு ஒரு வேலை காத்திருக்கிறது.

ஏனெனில் இந்த ஒட்டு நெடுநாள் நிலைப்பதன்று. மெல்ல வளர்வதே இயல்பான உருண்டையும் ஓடி வளரும் கொடியும் ஒரே ஓட்டத்தில் என்றும் செல்வதில்லை. சில ஆண்டுகளில் தண்டு களைத்துப்போகும். அல்லது ஒட்டுவாய் மரத்துச் சாறு ஏறுவது தடைப்படும். பலர் அப்போது செடி செத்தது என்று தூக்கிப் போடுகின்றனர். மேற்செடி உறுதியாயிருக்கும்வரை அது சாகவில்லை. புதிய தண்டின் மேல் மாற்றி ஒட்டலாம். ஒட்டு மாங்கன்று கட்டும் கைகளுக்கு இது எளிது. மற்றவர்களும் இரண்டு முயற்சியிற் கற்றுக்கொள்ளலாம்.

மழை ஓய்ந்து காற்று உலர்ந்த தை மாசியைத் தேர்ந்தெடுங்கள். முன்பு ஊன்றிய துளிர் வேர்விட்டுப் பருத்து, தொட்டியில் உறுதியாய் நிற்க வேண்டும். கூரிய மெல்லிய அலகை ஸ்பிரிட்டில் துடைத்துக்கொள்ளுங்கள். தண்டின் உச்சியை ஒரே இழுப்பில் மட்டமாக அறுத்தால், முக்கோணத்தின் நடுவே வெளிறிய சிறு வளையம் ஒன்று தெரியும். அவ்வளையமே உயிர்வழி, நீரும் சாறும் ஓடும் குழாய்களும், புதுத்திசுவை ஈனும் வளர்படையும் அங்குள்ளன. தண்டின் மூன்று விளிம்புகளையும் சரிவாகச் சீவிவிட வேண்டும். அறுத்த சதை உலரும்போது நடுப்பகுதி உள்வாங்கும், தடித்த தோலோ அசையாது நிற்கும். சீவாவிட்டால் விளிம்பு மேற்செடியைத் தூக்கிவிடும். சீவியபின் மெல்லிய வில்லை ஒன்றை அறுத்து அதன்மேலேயே மூடிபோல் விட்டுவையுங்கள், வெட்டுவாய் உலராது.

இனி மேற்செடியின் அடியை அறுங்கள். அங்கும் ஒரு வளையம் தெரியும். இரண்டு வளையங்களும் ஒரே அளவாயிருப்பது அரிது. அவ்வாறு அமையாதபோது நடுவில் சரியாக வைப்பதைவிட, சற்றே ஒதுக்கி, வளையங்கள் இரண்டு இடங்களிலேனும் ஒன்றையொன்று வெட்டிச் செல்லுமாறு வைப்பதே அறிவுடைமை. ஒரு வளையத்தின் நடுவில் மற்றொன்று தொடாமல் அமர்ந்துவிட்டால் சதையோடு சதை ஒட்டலாம். குழாயோடு குழாய் சேராது. மூடிவில்லையை நீக்கி, மேற்செடியை வைத்து, சற்றே திருகி அழுத்திக் காற்றுக்குமிழை வெளியேற்றி, இரண்டு ரப்பர் வளையங்களைத் தொட்டியின் அடிவரை குறுக்கும் நெடுக்குமாக இட்டு இறுக்குங்கள். அமுங்க வேண்டும்; நசுங்கக் கூடாது.

நிழலில் வைத்து, ஒட்டுவாயில் ஈரம் படாமற் காத்திருக்க வேண்டும். உள்ளே இரண்டு சதைகளும் வெட்டுண்ட அணுக்களை மூடிப் புதிய அணுக்களைப் பெருக்கும். அத்திரளுக்குள் மெல்லமெல்லக் குழாய்கள் உருவாகி ஒன்றோடொன்று இணையும். பத்துப் பதினைந்து நாளில் ரப்பர் வளையங்களைக் கழற்றலாம். மெதுவாக அசைத்துப் பாருங்கள், அசையாவிடில் ஒட்டிவிட்டது. சுருங்கியிருந்த உருண்டையின் மேடுகள் ஒரு திங்களுக்குள் நிமிர்ந்து, உச்சியின் நடுவில் ஒளிரும் புதுச்சிவப்பு தோன்றும்.

தலையிழந்த பழைய தண்டையும் நான் களைவதில்லை. அதன் அடி கெட்டியாயிருந்தால் இரண்டொரு வாரத்தில் பக்கவாட்டு முள்மெத்தைகள் பருக்கும். ஒன்றில் மிளகாய்நுனி போன்ற பச்சை எட்டிப் பார்க்கும். இவ்வாண்டு அதைக் கிள்ளாமல், சாளரத்தருகே ஒரு மூங்கிலிற் கட்டி ஏறவிட்டிருக்கிறேன்.